‘வழக்கமாக’ என்ற ஒரு சொல்

நியூயார்க்கின் பேயார்ட் தெருவில் 1889 வாக்கில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உண்டு. ஒரு சின்ன அறை, அதில் அடைந்து கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்கள். நடுவே, தூக்கம் கலைந்து ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கண் கூசும் முகங்கள். சுகாதாரப் போலீஸ் நள்ளிரவுச் சோதனைக்குப் போனபோது கூடவே போன நிருபர் ஜேக்கப் ரீஸ் எடுத்த படம் அது. பதிமூன்று அடிக்குப் பதிமூன்று அடிகூடத் தேறாத அந்த அறையில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் படுத்திருந்தார்கள் என்று 1890இல் வந்த தன் ‘ஹௌ தி அதர் ஹாஃப் லிவ்ஸ்’ புத்தகத்தில் ரீஸ் எழுதுகிறார். அந்த ஆண்களில் பெரும்பாலானோர் அந்த வீட்டுக்காரர்கள் இல்லை. ராத்திரிக்கு ஐந்து சென்ட் கொடுத்து ஆளுக்கு ஓர் இடம் பிடித்தவர்கள்.

இன்றைய பாஷையில் சொன்னால், அனுமதியில்லாத குறுகியகால வாடகை. ஆப் கிடையாது, ஸ்டார் ரேட்டிங் கிடையாது. மற்றபடி விஷயம் அதேதான்: பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் ஒரு கட்டடத்தில், ஒரு வீட்டுக்காரர் தன் இடத்தை முகம் தெரியாதவர்களுக்கு ராத்திரிக் கணக்கில் விற்கிறார். ஏர்பிஎன்பியோடு நியூயார்க் நடத்திய சண்டையைப் படிக்கிறவர்கள் அது 2010 வாக்கில் ஆரம்பித்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

பேயார்ட் தெருவில் இருந்தது போன்ற கட்டடங்களுக்கு ஆங்கிலத்தில் டெனமென்ட் என்று பெயர். ஏறக்குறைய நம் ஒண்டுக்குடித்தனம். புதிதாகக் கப்பலேறி வந்த இத்தாலிய, யூதக் குடும்பங்கள் வாடகை கட்டமுடியாமல் அறைக்குள்ளேயே இன்னும் சிலரைத் தங்கவைத்தார்கள். நேற்று வந்து இறங்கியவனுக்குப் படுக்க ஓர் இடம், வீட்டுக்காரிக்கு வாடகையில் பாதி. ஆனால் அக்காலத்துச் சீர்திருத்தவாதிகள் இதற்கு வைத்த பெயர் ‘லாட்ஜர் தீமை’. நெரிசல், காசநோய், ஒழுக்கக்கேடு எல்லாவற்றுக்கும் வந்து தங்குகிறவன்தான் காரணம் என்றார்கள். நெரிசலும் காசநோயும் உண்மைதான். ஆனால் அந்த லாட்ஜரை உள்ளே கூட்டிவந்தது வாடகை. அதைப்பற்றி அவர்கள் அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. 1901இல் வந்த டெனமென்ட் சட்டம் புதிய கட்டடங்களில் காற்று, வெளிச்சம், வீட்டுக்கு ஒரு கழிப்பறை எல்லாவற்றையும் கட்டாயமாக்கியது. வாடகையைத் தொடவில்லை.

அடுத்து 1929இல் வந்தது பல்குடும்பக் குடியிருப்புச் சட்டம். இன்றுவரை அதுதான் அடிப்படை. அது கட்டடங்களை ஏ, பி என்று இரண்டாகப் பிரித்தது. ‘ஏ’ வகை, நிரந்தரமாக வாழும் இடம். ‘பி’ வகை, வந்து போகிறவர்கள் தங்கும் இடம்: ஹோட்டல், லாட்ஜ் போன்றவை. வேறுபாடு வெறும் பெயரில் இல்லை. வந்து போகிறவர்கள் தங்கும் கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. காரணம் எளிது. பத்து வருஷம் வாழ்ந்தவனுக்கு இருட்டிலும் புகையிலும் மாடிப்படி எங்கே என்று கால் சொல்லும். நேற்று ராத்திரி பெட்டியோடு வந்தவனுக்குத் தெரியாது.

இரண்டு வகைகளையும் விளக்கும்போது சட்டம் ஒரு சொற்றொடரைப் போட்டது: ‘ஆஸ் எ ரூல்’. தமிழில் ‘வழக்கமாக’ என்று சொல்லலாம். ‘வழக்கமாக’ நிரந்தர வசிப்புக்குப் பயன்படும் கட்டடம் ஏ வகை. எழுதியவர்கள் பெரிதாக யோசித்திருக்க மாட்டார்கள். மாமா வந்து ரெண்டு வாரம் தங்குவார், ஊருக்குப் போகிறவர் யாருக்காவது சாவியைக் கொடுப்பார், இதுக்கெல்லாம் கேஸ் போட முடியுமா? அதற்காகக் கொஞ்சம் இடம் விட்டார்கள். வழக்கத்தின் மேல் ஒரு நம்பிக்கை. எண்பது வருஷம் கழித்து அந்தச் சின்ன இடத்துக்குள் பஸ் பஸ்ஸாக டூரிஸ்டுகள் வந்து இறங்கினார்கள்.

அது நடந்த விதத்தைப் புரிந்துகொள்ள எஸ்.ஆர்.ஓ. கட்டடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு அறை, பொதுக் கழிப்பறை. நம் திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி. தனியாள் தொழிலாளிகள், முதியவர்கள், நடிக்க வந்து வாய்ப்புத் தேடுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான். 1955இல் புதிதாக இப்படிக் கட்டுவதை நகரம் தடை செய்தது. 1970களில் இவற்றை வசதியான ஃப்ளாட்டுகளாக மாற்றுகிறவர்களுக்கு வரிச்சலுகையும் கொடுத்தது. அறைகள் ஆயிரக்கணக்கில் காணாமல் போய், ஆட்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் நகரம் பதறியது. 1980களில் இடிக்கவும் மாற்றவும் தடை போட்டது. 1989இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. முதலில் தானே இடித்துவிட்டு அப்புறம் காப்பாற்ற வந்த கதை.

மிஞ்சிய எஸ்.ஆர்.ஓ.க்களில் சில மன்ஹாட்டனின் அப்பர் வெஸ்ட் சைடில் இருந்தன. 2000களில் அவற்றின் உரிமையாளர்கள் காலியான அறைகளை டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். இணையத்தில் அது ஹோட்டல். சட்டத்தின் கண்ணில் அது ஏ வகை வீடு. அடுத்த அறையில் முப்பது வருஷமாக வாழும் பெரியவர் காலையில் பல் தேய்க்கப் போனால், குளியலறை வாசலில் சூட்கேஸோடு வரிசை. இவர்களைப் போன்ற பழைய குடித்தனக்காரர்கள் கிளம்பிவிட்டால் உரிமையாளருக்கு லாபம். டூரிஸ்டு ஒரு வாரத்தில் கொடுப்பது இவர்களுடைய மாத வாடகையைத் தாண்டிவிடும்.

நகரம் கோர்ட்டுக்குப் போனது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணம்? ‘வழக்கமாக’. சட்டம் வழக்கமாக என்றுதானே சொல்கிறது, எப்போதும் என்று சொல்லவில்லையே. பெரும்பகுதி நிரந்தர வசிப்பாக இருக்கும்வரை மிச்சத்தில் நாள் வாடகைக்கு இடமுண்டு என்று நீதிமன்றம் அந்தச் சொல்லைப் படித்தது.

அடுத்த வருஷமே சட்டம் திருத்தப்பட்டது. செனட்டர் லிஸ் க்ரூகரும் சட்டமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் காட்ஃப்ரீடும் கொண்டுவந்த மசோதாவில் 2010 ஜூலையில் ஆளுநர் பேட்டர்சன் கையெழுத்திட்டார். ‘வழக்கமாக’ வெளியே போனது. அதன் இடத்தில் ஓர் எண் வந்தது: 30. ஏ வகைக் கட்டடத்தில் ஒரே ஆளோ குடும்பமோ தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ தங்க வேண்டும். வீட்டுக்காரர் கூடவே இருந்தால் விருந்தாளியைக் காசு வாங்கிக்கொண்டும் தங்கவைக்கலாம். 2011 மே மாதம் இது அமலுக்கு வந்தது.

இந்தத் திருத்தத்தின் குறி எஸ்.ஆர்.ஓ. முதலாளிகள். ஆனால் அதற்குள் 2008இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், வாடகை கட்டத் திணறிய ரூம்மேட்டுகள் காற்று மெத்தையை வாடகைக்கு விட்டதில் பிறந்த ஏர்பிஎன்பி நியூயார்க்கைப் பிடித்துவிட்டது. கவனியுங்கள், இங்கேயும் தொடக்கம் வாடகைதான். பேயார்ட் தெருவின் அதே கணக்கு. நிறுவனமும் எப்போதும் அந்த முகத்தைத்தான் முன்னால் காட்டியது: கஷ்டப்படும் வீட்டுக்காரர், காலியாகக் கிடக்கும் ஓர் அறை.

அந்த முகம் பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. 2014இல் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மன் வெளியிட்ட அறிக்கை, 2010 முதல் 2014 நடுப்பகுதி வரையிலான பதிவுகளை ஆராய்ந்தது. வாடகைக்கு விடப்பட்ட இடங்களில் 72 சதவீதம் சட்டத்தை மீறியதாகத் தெரிந்தது. மூன்றும் அதற்கு மேலும் வீடுகளை வைத்து நடத்தியவர்கள் வெறும் 6 சதவீதம்தான், ஆனால் வருமானத்தில் 37 சதவீதம் அவர்களுக்குப் போனது.

சட்டம் இருந்தும் பக்கத்து ஃப்ளாட்காரருக்கு என்ன பயன்? 311க்கு ஃபோன் போடலாம். ஆய்வாளர் வருவதற்குள் விருந்தாளி விமானம் ஏறியிருப்பார். ஆள் இருந்தாலும் “ஃப்ரெண்ட் வீட்டுக்கு வந்திருக்கோம்” என்றால் முடிந்தது. கோ-ஆப் கட்டடங்களில் நிர்வாகக் குழு உள்வாடகையைத் தடுக்கலாம். ஆனால் அதற்கு யாராவது அண்டை வீட்டை வேவு பார்க்க வேண்டும், சாட்சி சேர்க்க வேண்டும். வாழ வந்த இடத்தில் போலீஸ் வேலை. 2016இல் விளம்பரம் செய்வதே குற்றமாக்கப்பட்டது, அபராதம் 7,500 டாலர் வரை. அதுவும் போதவில்லை.

கடைசியில் நகரம் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டுப் பணம் போகும் வழியைப் பிடித்தது. 2022இன் உள்ளூர்ச் சட்டம் 18, 2023 செப்டம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்காரர் நகரத்திடம் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத இடத்துக்கான பணத்தைத் தளங்கள் கையாளக் கூடாது. வீட்டுக்காரர் கூட இருக்க வேண்டும், விருந்தாளிகள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. உள்ளறைகளைப் பூட்டிவைக்கவும் கூடாது, விருந்தாளி வீடு முழுக்க நடமாட முடிய வேண்டும். கட்டட உரிமையாளர்கள் ‘எங்கள் கட்டடத்தில் இது வேண்டாம்’ என்று ஒரு தடைப்பட்டியலில் பதிந்துகொள்ளலாம். ஏர்பிஎன்பி வழக்குப் போட்டுத் தோற்றது. ஆயிரக்கணக்கான குறுகியகாலப் பதிவுகள் மறைந்தன.

பூட்டக் கூடாத அந்த உள்கதவை நான் பலமுறை யோசித்ததுண்டு. விருந்தாளி என்றால் யார் என்ற கேள்விக்குச் சட்டம் கண்டுபிடித்த பதில் அது: உன் வீட்டு அறைகளில் அவரை நம்பி நடக்கவிடுவாயா? விடுவாய் என்றால் அவர் விருந்தாளி. இல்லையென்றால் நீ நடத்துவது லாட்ஜ். அந்த நம்பாத ஆளைத்தான் நீ பக்கத்து வீட்டுக்காரரின் மாடிப்படியில் விடுகிறாய்.

ஆனால் இந்தச் சட்டம் நகரத்தின் வாடகையைக் குறைத்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஒன்றிரண்டு குடும்பங்கள் மட்டும் வாழும் சிறு வீடுகளுக்குத் தளர்வு கேட்டு 2024இலேயே நகர சபையில் மசோதா வந்தது. ப்ரூக்ளினிலும் க்வீன்ஸிலும் வீட்டுக்கடன் கட்டும் அந்தச் சிறு வீட்டுக்காரர்கள், ஹோட்டல் முதலாளிகளோடு நாங்கள் ஏன் சேர்த்து அடிபட வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

1901இலும் 1929இலும் 2010இலும் சட்டம் தங்க வருகிறவனை எண்ணியது, அளந்தது, நாள் குறித்தது. அக்கம்பக்கத்தார் நிம்மதியாகத் தூங்க அது தேவைதான். வீட்டுக்காரியை ஐந்து சென்டுக்கு இடம் விற்கவைத்த வாடகைக்கு மட்டும் இந்தச் சட்டங்களில் இதுவரை ஒரு வரி இல்லை.