தொனிக் குறியீட்டில் அளவும் வேறுபாடும்: மொழி ஒப்பீட்டுக்கான ஒரு நிபந்தனை

தமிழ்க் ககரம் 'கல்' என்னும் சொல்லில் ஒருவிதமாகவும் 'பங்கு', 'அகம்' ஆகியவற்றில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. ஆயினும் ஒலியன் ஒன்றே. ஒலியனைச் சாய்கோடுகளுக்குள்ளும் மாற்றொலியைச் சதுர அடைப்புக்குள்ளும் எழுதும் வழக்கம் மொழியியலில் வேரூன்றிவிட்டது. தொனிமொழிகளைப் பற்றி எழுதும்போது மட்டும் இந்த ஒழுங்கு தளர்ந்துவிடுகிறது. தொனியைக் குறிக்க இடும் ஒரே எண் ஓரிடத்தில் காதில் விழும் சுருதியையும் மற்றோரிடத்தில் பொருள் வேறுபடுத்தும் அலகையும் குறிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தெழுதாதவரை தொனிகளை மொழிக்கு மொழி ஒப்பிடுவது நம்பத்தக்கதாகாது.

இன்று பரவலாக வழங்கும் ஐந்துநிலை அளவுகோலை யுவன் ரென் சாவ் 1930இல் முன்வைத்தார். இசையமைப்பாளருமான அவர், பேசுபவரின் இயல்பான குரல்வீச்சை 1 முதல் 5 வரை பகுத்தார், 5 உச்சம். ஆணின் குரலுக்கும் பெண்ணின் குரலுக்கும் ஒரே அளவுகோல் பொருந்துவது இதன் பெருஞ்சிறப்பு. ஆனால் மெக்சிக்கோவின் தொனிமொழிகளை ஆராய்ந்தோர் பலர் 1ஐ உச்சமாகக் கொண்டனர். ஆகவே அந்நூல்களில் உயரே நிற்கும் தொனி, சீன மொழி நூல்களைப் படித்துப் பழகியவருக்குத் தாழ்ந்ததாகத் தோன்றும். எழுத்தின் மேல் இடும், வலப்பக்கம் உயரும் சாய்கோடும் இப்படியே: யொரூபா எழுத்தில் அது உயர்தொனி, சீனத்தின் உரோமன் எழுத்துமுறையான பின்யினில் ஏறுதொனி. 1989இல் கீல் நகரில் கூடிய பன்னாட்டு ஒலிப்பியல் கழகம் அதை உயர்தொனிக்கு உரியதாக்கியது. ஐந்துநிலை அளவுகோலைக் கோடுகளால் காட்டும் சாவின் தொனியெழுத்துகளையும் ஏற்றுக்கொண்டது. குறிகளுக்குப் பொதுவான அட்டவணை கிடைத்தது. குறிக்கப்படுவது எது என்ற வினா அப்படியே நின்றது.

மாண்டரின் சீனத்தின் மூன்றாம் தொனியை 214, அதாவது 2இல் தொடங்கி 1க்கு இறங்கி 4க்கு ஏறுவது, என்று எழுதுவது மரபு. தனித்து நிற்கும் சொல்லில் அது சரி. வேறு தொனிக்கு முன்னால் அது பெரும்பாலும் 21 அளவிலேயே நின்றுவிடும். இன்னொரு மூன்றாம் தொனிக்கு முன்னால் இரண்டாம் தொனிபோல 35 ஆகிவிடும். 'நீ ஹாவ்' என்ற அன்றாட வணக்கத்தில் கேட்பது இதுவே. அப்படியானால் 214 ஓர் அலகின் பெயரா, ஒரு சூழலின் அளவா? முதல் தொனியின் 55இலும் இதே மயக்கம் உண்டு. மாண்டரினில் சமதொனி ஒன்றுதான். அது உச்சத்தில் நிற்பது ஒலிப்புச் செய்தி. கான்டனீஸில் 55, 33, 22 என்ற சமதொனிகள் ஒன்றோடொன்று முரண்படுவதால், அங்கே உயரமே பொருளைப் பிரிக்கிறது. இரு 55களும் ஒரே வகையின என்று ஒப்பீட்டு அட்டவணையில் சேர்ப்பது பிழை.

ஆப்பிரிக்க மொழிகள் இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாக்குகின்றன. ஹௌஸாவில் வாக்கியம் செல்லச்செல்லச் சுருதி படிப்படியாக இறங்குவதால், முடிவில் வரும் உயர்தொனி தொடக்கத்துத் தாழ்தொனியைவிடக் கீழே ஒலிக்கக்கூடும். கேட்பவர் அதை உயர்தொனி என்றே உணர்கிறார். இங்கே ஒலிப்பளவை மட்டும் எழுதினால் மொழியின் அமைப்பு மறைந்துவிடும். உயர்வு, தாழ்வு என்ற அலகுகளை மட்டும் எழுதினால் அந்த இறக்கம் பதிவாகாது.

சுருதியோடு தொனி முடிந்துவிடுவதுமில்லை. ஹனோய் வியட்நாமியத்தின் 'ஙா' தொனியில் குரல்வளை இடையே இறுகுகிறது. தெற்கு வியட்நாமில் இத்தொனி 'ஹொய்' தொனியோடு கலந்துவிட்டது. பர்மிய மொழியிலும் குரலின் இறுக்கம் தொனியின் பகுதியே. இத்தகைய மொழிகளை எண்களால் மட்டும் விவரிப்பது பாதி விவரிப்பு.

களப்பணியின் தொடக்கத்தில் அலகுகள் தெளிவாகியிராது, எண்ணால் எழுதுவதே எளிது என்பர். அது நியாயமே, ஆனால் அந்த எண்களை அளவுகள் என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். தொனி அகராதியோ இலக்கணமோ வெளியிடுவோர் உச்சம் 1ஆ 5ஆ என்பதையும், எண் அலகைக் குறிக்கிறதா அளவைக் குறிக்கிறதா என்பதையும், அளவாயின் அது எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்பதையும் முதற்பக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். குரலின் தன்மையைத் தனியே குறிக்க வேண்டும். இவ்வறிவிப்பு இல்லாத தரவுகளை ஒப்பீட்டு அட்டவணைகளில் சேர்க்கலாகாது.