நிலநடுக்கப் பேரிடர்: ஹெய்ட்டியும் சிலியும் (2010)

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் அருகே 7.0 அளவில் நிலம் நடுங்கியது. இறந்தோரின் எண்ணிக்கை ஒரு லட்சம் என்பதிலிருந்து மூன்று லட்சத்துக்கு மேல் என்பதுவரை மதிப்பிடப்படுகிறது. இத்தனை உயிர்களைச் சரியாக எண்ணக்கூட இயலாமல் போனதே அந்நாட்டு நிர்வாகத்தின் நிலையைக் காட்டும். பிப்ரவரி 27 அன்று சிலியின் கடலோரத்தில் 8.8 அளவில், ஹெய்ட்டி நடுக்கத்தைவிட ஏறத்தாழ 500 மடங்கு ஆற்றலுடன் நிலம் அதிர்ந்தது. அங்கு இறந்தோர் சுமார் 525 பேர். சாவைத் தீர்மானிப்பதில் நில அதிர்வின் வலிமையைவிடக் கட்டடங்களின் தரத்துக்கே பெரும்பங்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. 1960-இல் வால்டிவியாவில் 9.5 அளவு நிலநடுக்கத்தைக் கண்ட சிலி, கட்டுமான விதிகளைத் தொடர்ந்து கடுமையாக்கியது. கட்டமைப்புக் குறைபாட்டுக்குக் கட்டடத்தை முதலில் விற்ற உரிமையாளர் பத்தாண்டுகள்வரை சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அங்கே விதி. ஹெய்ட்டியிலோ நடைமுறையில் இருந்த தேசியக் கட்டட விதியே இல்லை. கம்பி குறைந்த, தரமற்ற கான்கிரீட் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன.

ஹெய்ட்டியின் நடுக்கம் ஆழம் குறைந்தது, தலைநகருக்கு மிக அருகில் நிகழ்ந்தது, ஆகவே ஒப்பீடு பொருந்தாது என்பர். இந்த மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை ஒட்டி, சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்திலேயே நிலம் அதிர்ந்தபோது இறந்தோர் 185 பேர். அவர்களில் 115 பேர் வடிவமைப்புக் குறைபாடுள்ள ஒரே கட்டடத்தில் மாண்டனர். சிலியும் குறையற்றதன்று. 2010 நடுக்கத்தின்போது சுனாமி எச்சரிக்கை முன்கூட்டியே விலக்கப்பட்டதால் கடலோரத்தில் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் நேர்ந்தன.