பாட்டி பாடிய தீபநாயகர்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று அறக்கட்டளையார் கேட்டபோது, சிலப்பதிகாரத்தில் சமண நெறி என்பது போன்ற தலைப்பையே முதலில் எண்ணினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவனுக்கு அஃது எளிய வேலை. ஆனால் எழுத அமர்ந்த மாலைப் பொழுதில், என் பாட்டியார் நாள்தோறும் பாடிய பாட்டொன்று செவியில் நின்றுகொண்டு வேறெதையும் எழுதவிடவில்லை. நான் விரும்பிக் கேட்ட இசை எது என்று யாரேனும் வினவினால், அந்தப் பாட்டைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தின் வரலாறு எந்த ஏட்டில் இருக்கிறது என்று வினவினாலும் விடை அதுவே. சிலப்பதிகாரத்தையும் விட்டுவிடவில்லை, அந்நூல் இக்கட்டுரைக்குள் தானே வந்து சேர்ந்துகொண்டது.

திருவரங்கத்தில் ஒரு சமணக் குடும்பம்

என் இளமை திருவரங்கத்தில் கழிந்தது. தந்தையார் பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். உத்தர வீதியில் ஒட்டுக்குடித்தனம். சுற்றிலும் வைணவக் குடும்பங்கள். அந்த ஊரில் வளர்ந்தவனுக்கு இசைக்குப் பஞ்சமில்லை. மார்கழியில் அரையர் சேவையின் தாளம், புறப்பாட்டில் நாகசுரம், பெருமாள் மூலத்தானம் திரும்பும் ஏகாந்தத்தில் வீணை, எதிர்வீட்டு வானொலியில் 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் கச்சேரி, இடையிடையே திருச்சியையே தம் ஊராக்கிக்கொண்ட தியாகராஜ பாகவதரின் குரல் என்று எல்லாம் செவியில் விழுந்து வளர்ந்தோம்.

எங்கள் வீட்டில் மட்டும் பொழுது சாய்வதற்கு முன் இரவு உணவு முடிந்துவிடும். கதிரவன் மறைந்தபின் உண்ணலாகாது என்பது பாட்டியாரின் நோன்பு. உண்டு, கை கழுவி, விளக்கேற்றி அமர்ந்து எட்டு வரிப் பாட்டொன்றைப் பாடுவார். அதில் ‘தீபநாயகா’ என்னும் விளி மும்முறை வரும். விளக்கை வாழ்த்தும் பாட்டு என்றே நானும் தமக்கையும் எண்ணியிருந்தோம். அக்கம்பக்கத்தாரும் அப்படியே எண்ணினர். அடுத்த வீட்டு மாமி கோயில் பிரசாதத்தை எந்நாளும் ஐந்து மணிக்குள் கொடுத்தனுப்பிவிடுவார்; பாட்டியாரின் நோன்பு அவருக்குத் தெரியும். “உங்க பாட்டி பாடறது காதுலே விழுந்தாத்தான் எனக்கு விளக்கேத்தணும்னே தோணும்” என்று சொல்வார்.

பள்ளியில் ‘நீங்கள் யார்?’ என்று கேட்பார்கள். சமணர் என்றால், ‘வடநாட்டாரா?’ என்று அடுத்த வினா வரும். தமிழையன்றி வேறு மொழி அறியாத எங்களுக்கு அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை. ‘கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொல், அது போதும்’ என்றார் தந்தையார். அவ்வாறே சொல்லிச் சொல்லி, எந்த ஊர் என்று நாங்களும் கேளாமல் விட்டோம்.

1984இல் ஆசிரியப் பணியேற்றேன். மாலையில் மாணவர் சிலர் வீட்டிற்குப் பாடம் கேட்க வருவர். பாட்டு அவர்களுக்கு விந்தையாக இருந்தது, ஒருவன் சிரித்தான். அன்றிரவு பாட்டியாரிடம், ‘பிள்ளைகள் வரும் நேரத்தில் கொஞ்சம் மெல்லப் பாடலாமே’ என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் முதல் உதடு மட்டும் அசைந்தது, ஒலி இல்லை. சில நாள் கழித்து மாமி, “ஏன், பாட்டி இப்பல்லாம் பாடறதில்லே?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. இரண்டு ஆண்டுகளில் பாட்டியார் மறைந்தார். ஒலிப்பதிவுக் கருவி வீட்டில் இருந்தது. ஒருநாளும் அதை அவர் முன் வைத்தேனில்லை.

காவிரிக்கரையில் கவுந்தியடிகள்

பின்னர்ப் பல்லாண்டு நான் வகுப்பில் நடத்திய பகுதி, புகார்க் காண்டத்து நாடுகாண் காதை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடக்கின்றனர். வயல்வழி செல்லுங்கால் கால்பட்டு நண்டும் நத்தையும் இறந்துவிடக்கூடும் என்று அடிகள் எச்சரிக்கிறார். அதே வழியில் உழவரின் ஏர்மங்கலமும், களத்தில் நெல் அளப்போரின் முகவைப்பாட்டும், கிணைப்பொருநரின் இசையும் கேட்கின்றன. அறமும் இசையும் ஒரே வழியில் உடன் வருமாறு இளங்கோவடிகள் அமைத்திருக்கிறார்.

அவ்வாறு நடந்து அவர்கள் சேரும் இடம் ஆற்றிடைக்குறையாகிய அரங்கம். அது நாங்கள் வாழ்ந்த திருவரங்கமே. அங்கே ஒரு பொழிலில் சாரணர் தோன்றி அருகனின் பெருமையை உரைக்கிறார். கேட்ட கவுந்தியடிகள், தம் செவி அறிவன் மொழியன்றி வேறொன்றைக் கேளாது என்றும், தம் நா அவனுடைய ஆயிரத்தெட்டு நாமமன்றி வேறொன்றை நவிலாது என்றும் உறுதி கூறுகிறார். பின்னர் ஓடத்தில் தென்கரை சேர்ந்து, உறையூரில் முக்குடை நிழலில் அமர்ந்த அறிவனை வணங்கி, அங்குள்ள பள்ளியின் துறவியர்க்குச் சாரணர் மொழிந்ததைக் கூறி, அன்று அங்கே தங்குகின்றனர்.

அடுத்த காதையில் வழியில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையவனோ, அதே அரங்கத்தில் பள்ளிகொண்ட திருமாலைக் காணப் போகிறவன். ஒரே தீவு, ஒரே காப்பியம். சமணத் துறவி இயற்றிய நூல் இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. பிரசாதத்தை ஐந்து மணிக்குள் அனுப்பிய மாமியும் அந்த மரபில் வந்தவர்தாம்.

ஆண்டுதோறும் இப்பகுதியை நடத்தும்போது, ‘முக்குடை’ என்னும் சொல் வந்தவுடன் நெஞ்சில் ஏதோ இடறும். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டு முன்னரே காரணம் விளங்கிற்று. பாட்டியாரின் பாட்டில் முக்குடையும் இருந்தது; அசோகின் நிழலும் இருந்தது. விளக்கைப் பாடுகிற பாட்டில் குடைக்கு என்ன வேலை? தமிழ் முதுகலை படித்தவன் இதை இருபது ஆண்டுகள் கேளாமல் இருந்தேன்.

சமணரும் இசையும்

சமணம் துறவு நெறி. அதற்கும் இசைக்கும் தொலைவு என்று எண்ணுவோர் உண்டு. நம் நூல்கள் அவ்வாறு சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதற்கு எழுந்த உரைகளும் இல்லையேல், பழந்தமிழர் யாழைப் பற்றியும் பண்ணைப் பற்றியும் நாம் அறிவது மிகக் குறைவு. 1917இல் வெளிவந்த ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும், 1947இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூலும் பெரிதும் ஊன்றி நிற்பது இந்நூலின்மீதே. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை மணக்க வேண்டுமானால் யாழில் வெல்ல வேண்டும். கொணர்ந்த யாழ்களின் மரத்திலும் நரம்பிலும் உள்ள குற்றங்களைச் சீவகன் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும் இடம், யாழ் செய்வோனுக்கே பாடமாகும்.

திருச்சிராப்பள்ளியைச் சுற்றியும் சான்றுகள் உள்ளன. மலைக்கோட்டையின் உச்சிப் பகுதியில் கற்படுக்கைகளோடு கூடிய குகைத்தளம் உண்டு. சிரா என்னும் பெயருடைய துறவியின் பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என்று கருதும் அறிஞரும் உளர். புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசலில், மேலே ஏழடிப்பாட்டத்தில் தமிழி எழுத்தோடு கூடிய படுக்கை. கீழே அறிவர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுக்கினான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தூண்களில் ஆடும் மகளிரை வரைந்ததும் விதானத்தில் தாமரைப் பொய்கையைத் தீட்டியதும் துறவியர் வழிபட்ட கோயிலில்தான். அருகிலுள்ள குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டின் இசைக் கல்வெட்டு உள்ளது. அது சிவநெறி அரசன் ஒருவன் பொறித்தது. சமயம் வேறாயினும், இசை இவ்வட்டாரத்தில் பாறையிலும் எழுதிவைக்கத் தக்க பொருளாக இருந்தது.

ஏட்டைக் காத்ததிலும் நம் முன்னோர்க்குப் பங்குண்டு. கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், சிந்தாமணியில் தமக்கு எழுந்த ஐயங்களை அவ்வூர்ச் சமணரிடம் கேட்டுத் தெளிந்ததையும், அவர்கள் இல்லங்களில் அந்நூல் பாராயணமாக வழங்கியதையும் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அதற்கு முன் பல தலைமுறை அது வாழ்ந்த இடம், வீடுகளில் அதை ஓதியோரின் நாவே.

தீபங்குடிப் பயணம்

2016இல் ஓய்வு பெற்றபின், மறைந்த தந்தையாரின் தகரப் பெட்டியைத் திறந்து ஒழுங்கு செய்தேன். சம்பளச் சீட்டுகளுக்கு அடியில் நூலால் கட்டிய சிறு கற்றை ஒன்று இருந்தது. அனைத்தும் பணவிடைத் தாள்களின் ரசீதுகள். ஆண்டுக்கு ஒன்று. முதலில் ஐந்து ரூபாய், பிறகு பத்து, கடைசியில் இருபத்தைந்து. செய்திப் பகுதியில் தந்தையாரின் கையெழுத்தில் ஒரே வாசகம்: கோயில் விளக்கு எண்ணெய்க்கு. சேருமிடம் தீபங்குடி. கடைசி ரசீது 1985ஆம் ஆண்டுக்குரியது. நான் பாட்டை அடக்கச் சொன்ன பின்னரும், பாட்டியார் எண்ணெய்க்குப் பணம் அனுப்புவதை நிறுத்தவில்லை.

அடுத்த மாதமே தமக்கையுடன் புறப்பட்டேன். திருவாரூர் மாவட்டத்துத் தீபங்குடி, கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரின் ஊர் என்று மரபு சொல்லும் ஊர். பரணியை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அது என் பாட்டியின் ஊர் என்று அறியாமலே நடத்தியிருக்கிறேன். ஜினாலயத்தினுள் நுழைந்தோம். கருவறையில் ஆதிநாதர். அங்கிருந்த முதியவர் ஆரத்தி காட்டியவாறு, “இவர்தான் தீபநாயகர்” என்றார்.

தமக்கை என் கையைப் பற்றிக்கொண்டார். எங்கள் வீட்டு விளக்கையன்று, தம் ஊர்த் தெய்வத்தையே பாட்டியார் ஒவ்வொரு மாலையும் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். நூறு கல் தொலைவிலிருந்து, விளக்கை முன்னிறுத்திக்கொண்டு, தம் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறார்.

ஊரில் விசாரித்ததில் மற்றதும் ஒருவாறு தெளிந்தது. பாட்டனார் நாகப்பட்டினத்து இரயில்வே பணிமனைக்கு வேலைக்குச் சென்றவர். 1928இல் தென்னிந்திய இரயில்வே அப்பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமுமாக இருந்த அந்த ஆண்டில், வேலை தப்பியவர்களுள் ஒருவராக அவர் திருச்சிக்கு வந்திருக்கிறார். நிலம் இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை. அவரோடு வந்த இளம்பெண் தன் ஊரிலிருந்து எடுத்துவர முடிந்தவற்றுள் எஞ்சியது அந்தப் பாட்டு ஒன்றே. கோயில் வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவரிடம் தமக்கை அந்த மெட்டை முனகிக் காட்டினார். அவர் கண்ணை மூடிக் கேட்டு, “எங்க மாமியார் இந்த மெட்டுலே பாடுவாங்க, வார்த்தை எனக்கு வரலையே” என்றார்.

எட்டு வரியில் எனக்கு நினைவிருப்பவை மூன்று. தமக்கைக்குச் சொல் நினைவில்லை. மெட்டு முழுவதும் நினைவிருக்கிறது. வீணை பயின்ற நண்பர் ஒருவர் அதைக் கேட்டு, யதுகுலகாம்போதியின் சாயல் என்றார். தேவாரம் ஓதுவோர் இன்று செவ்வழிப் பண்ணை அந்த இராகத்தில்தான் பாடுகின்றனர். செவ்வழியோ சங்ககாலத்தில் மாலைக்குரிய பண். காலையில் மருதமும் மாலையில் செவ்வழியும் பாடும் முறையைப் பாணர் மறந்தனர், வள்ளல் நள்ளியின் கொடையால் அவர்களுக்குப் பாட வேண்டிய தேவையே இல்லாது போயிற்று என்று புறநானூற்றுப் புலவர் ஒருவர் சொல்வார். பழைய செவ்வழியும் இன்றைய இராகமும் ஒன்றே என்று நான் வாதிட வரவில்லை. மாலைப் பண்ணைக் காலையில் பாடியதற்கே வருந்திய மரபில் பிறந்தவன், மாலைப் பாட்டையே நிறுத்திவிட்டேன் என்பதைத்தான் சொல்கிறேன்.

நாம் செய்ய வேண்டுவது

அன்பர்களே, நம் குடும்பங்கள் பலவும் ஊரை விட்டு வந்தவை. வந்தவாசிப் பக்கமோ, திருநறுங்கொண்டையோ, மன்னார்குடியோ, தீபங்குடியோ, ஏதோ ஓர் ஊரின் பெயர் ஏதோ ஒரு பாட்டில் ஒளிந்திருக்கும். தாலாட்டில் இருக்கலாம், நோன்புப் பாட்டில் இருக்கலாம், மங்கலத்தில் இருக்கலாம். கல்வெட்டைப் படியெடுக்க அரசுத் துறை உண்டு. ஏட்டைப் பதிப்பிக்கப் புலவர் உண்டு. பாட்டியின் பாட்டுக்குப் பேரப்பிள்ளைகளை அன்றி எவரும் இல்லை.

ஒவ்வொரு வீட்டுக் கைப்பேசியிலும் இன்று ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. இவ்விழாவுக்கு வரும் மூதாட்டியரை அமர்த்தி, இரண்டிரண்டு பாட்டேனும் பாடச் சொல்லிப் பதிந்து, ஊரும் பெயரும் குறித்து வைத்தல் வேண்டும். குரல் நடுங்கலாம், வரி விடுபடலாம், அதனால் குறையொன்றுமில்லை. பாடும்போது யாரேனும் சிரித்தால், சிரித்தவனை வெளியே அனுப்புங்கள். பாடுபவரை மெல்லப் பாடச் சொல்லாதீர்கள்.

தமக்கைக்கு இப்போது எழுபத்தொன்று. சென்ற மாதம் அவர் மெட்டை முனக, என் மூன்று வரிகளை அதில் ஏற்றி, பேத்தியின் கைப்பேசியில் பதிந்தோம். சொல் இல்லாத ஐந்து வரிகளை வெறும் இராகமாகவே பாடி முடித்தார். ஆண்டுதோறும் தீபங்குடிக்கு எண்ணெய்ப் பணம் அனுப்பும் கடமை இப்போது என்னுடையது. இவ்வாண்டு அந்த ஒலிப்பதிவையும் உடன் அனுப்பியுள்ளேன். அம்மூதாட்டியார் கேட்டால், விடுபட்ட வரிகளுள் ஒன்றேனும் அவர் நினைவுக்கு வரலாம்.

அறம் ஓங்குக.