வாசலும் பலிபீடமும்

2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி. சின்னசேலத்தை அடுத்த எடுத்தவாய்நத்தத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் அவ்வூர்த் தலித் மக்கள் போலீஸ் காவலோடு சென்று பெருமாளைச் சேவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு அடைபட்டிருந்த கோயில் அது. மற்றப் பெருமாள் கோயில்களில் அன்று சொர்க்கவாசல் திறப்பு விசேஷம். இங்கே முன்வாசல் திறந்ததே செய்தியாகி ஊர் தாண்டிப் போயிற்று.

செய்தியைப் படித்த பலரும் இதைச் சட்டத்துக்கும் மதத்துக்கும் நடந்த மல்லுக்கட்டாகவே பார்த்தார்கள். ஒரு பக்கம் வழக்கம், ஐதீகம். மறுபக்கம் காக்கிச்சட்டை, கலெக்டர் ஆபீஸ், அரசியலமைப்பு. எனக்கு அப்படிப் படவில்லை. உள்ளே போனவர்கள் நாத்திகம் பேசப் போகவில்லை. ஏகாதசியன்று பெருமாளைப் பார்க்கப் போனார்கள். இதைவிட மதம் சார்ந்த காரியம் வேறென்ன இருக்கிறது? வழிபாட்டுரிமை அடைத்தவர்களின் தனிச்சொத்து அல்ல. கேட்டவர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஒரே வாசலில் இரண்டு வழிபாட்டுரிமைகள் எதிரெதிரே நின்றன. எதன் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்கச் சட்டத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தக் கதையைச் சொன்னால்தான், சட்டம் எந்த இடத்தில் நுழையக்கூடாது என்ற இன்னொரு கதையைச் சொல்ல முடியும்.

முன்பெல்லாம் சட்டம் எதிர்ப்பக்கத்தில்தான் நின்றது. ராமநாதபுரம் சீமையின் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897-இல் நாடார்கள் நுழைந்தார்கள். அறங்காவலர் என்ற முறையில் சேதுபதி வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டும் சென்னை உயர் நீதிமன்றமும் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதையே உறுதி செய்தது. சாட்சிகளை விசாரித்து, ஊர் வழக்கம் இன்னது என்று கண்டு, அதைக் காப்பாற்றிக் கொடுப்பதே தங்கள் வேலை என்று நீதிபதிகள் கருதினார்கள். மதத்தில் தலையிடுவதில்லை என்ற பிரிட்டிஷ் கொள்கையும் சேர்ந்துகொண்டது. தலையிடவில்லை என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். சட்டம் மதத்துக்குள் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான் என்று இன்று வருத்தப்படுகிறவர்கள் கமுதி வழக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

பூட்டு திரும்ப ஆரம்பித்தது 1930-களில். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனார். அவர்கள்மீது வழக்கு வந்துவிடாமல் ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் கொண்டுவந்தது. சனாதனிகள் சிலர் அதற்குப் பிறகு மீனாட்சி கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். தாயைப் பார்ப்பதைவிடத் தள்ளி நிற்பது அவர்களுக்கு முக்கியமாகிவிட்டது. இந்த மனப்போக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

முழுச் சட்டம் 1947-இல் வந்தது: சென்னை ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம். அந்த ஆண்டுதான் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மாகாணப் பிரதமர் ஆனார். முதல்வரை அப்போது அப்படித்தான் அழைப்பார்கள். திண்டிவனத்துப் பக்கத்துக்காரர். கள்ளக்குறிச்சியும் சின்னசேலமும் அவர் பிறந்த அதே தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தவை. பிறகு விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. நவம்பர் 26 அரசியலமைப்பு நாள் என்பதைத் தேதி குறித்தவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, பொருத்தம் என்னவோ அமைந்துவிட்டது. ஆக, எடுத்தவாய்நத்தத்துக்கு 1947-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊருக்குள் வந்து சேர 75 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தச் சட்டத்துக்கு உண்மையான சோதனை கடலோரத்து மூல்கியில் நடந்தது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த தென்கன்னடத்து ஊர். அங்குள்ள வேங்கடரமணர் கோயில் கௌட சாரஸ்வதப் பிராமணர்கள் தங்களுக்காக எழுப்பியது. எல்லா இந்துக்களுக்கும் திற என்றால், தன் சமயக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை எங்கள் பிரிவுக்கு 26-ஆம் உறுப்பில் இருக்கிறதே என்றார்கள். வாதம் லேசானதல்ல. தனிமனிதரின் மத உரிமையைத் தரும் 25-ஆம் உறுப்பு, இந்து சமயப் பொதுக் கோயில்களை எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் திறக்கும் சட்டத்துக்கு அதிலேயே இடம் விட்டிருக்கிறது. 26-ஆம் உறுப்பில் அப்படி ஒரு வரி இல்லை. இடைவெளி தற்செயலா, வேண்டுமென்றே விட்டதா? வழக்கு உச்ச நீதிமன்றம் போவதற்குள் தென்கன்னடம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்துவிட்டதால், சென்னைச் சட்டத்தின் மீதான வழக்கு மைசூர் அரசின் பெயரில் முடிந்தது.

தீர்ப்பெழுதியவர் டி. எல். வேங்கடராம ஐயர். அவர் எடுத்த வழியை நான் இன்றும் வியக்கிறேன். யாரை உள்ளே விடுவது என்பது மதக் காரியமே இல்லை, வெறும் மூடநம்பிக்கை என்று அவர் தள்ளிவிடவில்லை. ஆகமங்களைப் பார்த்தார். யார் எதுவரை வரலாம் என்று அவை பேசுகின்றன, ஆகவே அது மதக் காரியம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும், கோயிலைத் திறக்கச் சொல்லும் சட்டமே மேல் என்றார். கோயில் எங்களுடையது என்று சொல்லும் பிரிவினருக்கும் ஒரு பங்கு வைத்தார்: சில விசேஷச் சடங்குகளில் அவர்கள் மட்டும் பங்குகொள்ளலாம், மற்றவர்களின் தரிசன உரிமை அதனால் வெற்றாகிவிடக் கூடாது. 1966-இல் குஜராத்துச் சுவாமிநாராயண சத்சங்கிகள் இதே போன்ற வழக்கோடு வந்தபோது நீதிமன்றத்தின் குரல் மாறியிருந்தது. அவர்கள் மதத்தையே தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று நீதிபதிகள் பாடம் நடத்தினார்கள். முடிவு சரிதான், பாடம் தேவையில்லாதது. உன் நம்பிக்கை போலி என்று சொல்லிக் கதவைத் திறப்பது வேறு. உன் நம்பிக்கை உண்மையாகவே இருக்கட்டும், இன்னொருவரைத் தள்ளி நிறுத்த அது போதாது என்று சொல்லித் திறப்பது வேறு. முதலாவது வழியில் போகும் நீதிமன்றம் மடாதிபதி வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

இவ்வளவு தெளிவாகத் தீர்ந்த விஷயம் தாலுகா ஆபீசுக்கு வரும்போது மட்டும் ஏன் குழம்புகிறது? அங்கே அது உரிமைப் பிரச்சினையாக வருவதில்லை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக வருகிறது. இரு தரப்பையும் கூப்பிட்டு ஆர்.டி.ஓ. முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். திருப்புன்கூர்க் கதை எல்லாருக்கும் தெரியும். வெளியே நின்ற நந்தனாருக்காகச் சிவலோகநாதர் நந்தியை விலகச் சொன்னார். நந்தி விலகியது, நந்தனார் நின்ற இடம் மாறவில்லை. பேச்சுவார்த்தைகளில் முன்வைக்கப்படும் சமரசங்களில் பாதி திருப்புன்கூர் மாதிரிதான். சாமியை உங்கள் தெரு முனைக்குக் கொண்டுவருகிறோம், வாசலிலிருந்தே தீபாராதனை பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

சமரசம் ஆகவில்லையென்றால் சீல். பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலில் அதுதான் நடந்தது. 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் பலிக்காமல் ஜூன் 7-இல் கோயில் மூடப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் பூசாரி மட்டும் போய் ஒருவேளை பூசை செய்ய வழி பிறந்தது. 2025 ஏப்ரலில்தான் எல்லாருக்குமாகத் திறந்து தலித் மக்கள் உள்ளே போனார்கள். மூடுவதற்குக் கையாண்டது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு. இன்றைய புதிய சட்டத்தில் அது 164. நிலத்தகராறு, வாய்க்கால் தகராறுக்காக எழுதப்பட்ட பிரிவு அது. யாருக்கு உரிமை என்று பார்க்காதே, யார் கைவசம் இருக்கிறது என்று மட்டும் பார் என்பதுதான் அதன் உள்ளடக்கம். வரப்புச் சண்டையில் அது நியாயம். இருவரில் யார் சொல்வது சரி என்று தாசில்தாருக்குத் தெரியாது. கோயில் நுழைவில் யார் பக்கம் உரிமை என்பது 1947-லிருந்து எழுத்தில் இருக்கிறது. தெரிந்த உரிமையைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு, தடுத்தவரையும் தடுக்கப்பட்டவரையும் ஒரே பூட்டுக்கு வெளியே நிறுத்துகிறார்கள். தடுத்தவருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. மதுரையில் 1939-க்குப் பிறகு சிலர் செய்ததை அவர் வேண்டுமென்றே செய்யத் தயாராக இருப்பவர்.

இனி மற்ற கதை. 1950-இல் சென்னைச் சட்டசபை இன்னொரு சட்டம் செய்தது: கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதற்குத் தடை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது புத்தகத்தில் படுத்திருந்தது. கல்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்கள் 1976-இல் ஒழியும்வரை அரசின் கை அங்கே முழுசாக எட்டவே இல்லை. ஆட்டைக் காப்பாற்றும் சட்டம் மட்டும் மலை ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? கீழே சமவெளியிலும் கதை அதுவே. பிறகு 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டது. முனியப்பனுக்கும் அங்காளம்மனுக்கும் நேர்ந்துவிட்ட கிடாக்கள் கொட்டிலிலேயே நின்றன. எதிர்ப்பு கிளம்ப, மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன், 2004 பிப்ரவரியில் அவசரச் சட்டத்தால் 1950-ஆம் ஆண்டுச் சட்டமே ரத்தானது.

கிடாவெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாலை போட்டு, மஞ்சள் தடவி, சாமி முன் நிறுத்தி, முதுகில் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பும்வரை அரிவாள் எழாது. சிலுப்பினால் உத்தரவு. சிலுப்பவில்லையென்றால் குடும்பம் கலங்கிப்போகும். என்ன குறை வைத்தோம் என்று கேட்டு, பூசாரி மறுபடி தண்ணீர் தெளிப்பார், பெரியவர்கள் காலில் விழுவார்கள். இதில் எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு இறையியல் இருக்கிறது: கொடுப்பவன் கொடுத்தால் போதாது, வாங்குகிறவள் சம்மதிக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு இதை எப்படி நிரூபிப்பீர்கள்? 1954-இல் நம் அறநிலையச் சட்டத்தின் மீதே வந்த சிரூர் மடம் வழக்கிலிருந்து, ஒரு சடங்கு அந்த மதத்துக்கு இன்றியமையாததா என்று பார்ப்பது நீதிமன்ற வழக்கம். மடத்துக்கு நூல் இருக்கிறது, ஆசார்யர் இருக்கிறார், பாஷ்யம் இருக்கிறது. முனியப்பன் கோயில் பூசாரிக்குத் தாத்தா சொன்னது இருக்கிறது. இன்றியமையாமைச் சோதனை எழுத்துள்ள மதத்துக்கு இளகியும் எழுத்தில்லாத மதத்துக்கு இறுகியும் நிற்கிறது.

ஜீவகாருண்யம் பேசுகிறவர்களை நான் எள்ளவில்லை. வள்ளலாரின் சத்திய ஞான சபை இருக்கும் வடலூர் நமக்குப் பக்கம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொங்கும் ஆட்டைப் பற்றிக் கவலைப்படாத சட்டம், கோயில் முன் விழும் ஆட்டை மட்டும் காப்பாற்ற வந்தால் அதன் அக்கறை ஆட்டின்மீது இல்லை. சாமிக்கு இது அழகில்லை என்ற ஒரு சாரார் ரசனைதான் அங்கே பேசுகிறது. மிருகவதைத் தடுப்புக்காக நாடாளுமன்றம் 1960-இல் செய்த சட்டமே, 28-ஆவது பிரிவில், மதம் வேண்டும் முறையில் கொல்வதைக் குற்றமாக்காமல் விட்டிருக்கிறது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் என் கட்சி புரியும். வாசலில் ஒரு மனிதர் மறிக்கப்படுகிறார். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை, ஆகவே சட்டம் வந்தே ஆக வேண்டும். பலிபீடத்தில் எந்த மனிதரும் மறிக்கப்படவில்லை. சாமியும் கும்பிடுகிறவரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. அங்கே சட்டத்துக்கு வேலையில்லை. இந்தக் கோடு எல்லா இடத்திலும் சுத்தமாக விழாது என்பதும் தெரியும். கிடாவெட்டிலேயே, பறை அடிக்கிறவர் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும், கறியில் அவருக்குப் பங்கு தனி இலையில் என்றால், அது மறுபடி வாசல் பிரச்சினை, சட்டம் வரலாம். கருவறைக்குள் யார் பூசை செய்வது என்பது இன்னும் சிக்கல். அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஆலய நுழைவு முடிந்த ஊர்களில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது திருவிழா வரி நோட்டை. கிராமத்தில் தலைக்கட்டு வரி கொடுப்பது சுமை அல்ல, பாத்தியதை. வரி கொடுக்கிற வீட்டுக்குத்தான் காப்புக் கட்டும் நாளைப் பற்றிக் கேட்கவும், கணக்குக் கேட்கவும் வாய் உண்டு. கதவைத் திறந்துவிட்டு, வரி கேட்டு அந்தத் தெருவுக்குப் போகாமலே விட்டால் போதும். ஒருவரையும் தடுத்ததாக வழக்கு வராது. கோயிலுக்குள் நுழையாமல் தடுத்தால் 1955-ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் கடுமையானது. வரி நோட்டில் விடுபட்ட வீட்டுக்கும் ஏதாவது பிரிவு தேடினால் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டுக்காரர் அடுத்த வருஷமும் அதே ஊரில், அதே நிலங்களில் கூலிக்குப் போக வேண்டியவர். புகார் எழுதுமுன் அவர் அதைத்தான் யோசிப்பார்.

அதனால்தான் தாலுகா ஆபீஸ் மேசையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். பேச்சுவார்த்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நாளில் போவது, எந்த நேரத்தில், எவ்வளவு போலீஸ், திருவிழாவுக்கு வரி எப்போது வாங்குவது, விழாக் கமிட்டியில் அந்தத் தெருவுக்கு யார் என்பதையெல்லாம் அங்கே பேசலாம்; பேசியே தீர வேண்டும். உள்ளே விடலாமா என்ற கேள்வியை மட்டும் அந்த மேசையில் எடுத்து வைக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. எடுத்தவாய்நத்தத்தில் அதிகாரிகள் பூட்டைக் கையில் எடுக்காமல் மக்களோடு கூட நடந்து போனார்கள். மேல்பாதியில் மூடியதற்கும் இங்கே திறந்ததற்கும் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட வித்தியாசம் இல்லை.