படியரிசியும் ஞாயிற்றுக்கிழமையும்

வார இறுதியில் கொழும்பு நகரம் வெளியே சென்று உண்கிறது. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் உணவகங்கள் நிறைகின்றன. பரிமாறும் இளைஞர்களை ஊர் எதுவென்று கேட்டால், அட்டன் என்றும் நுவரெலியா என்றும் சொல்பவர் பலர். விரும்பியதை விரும்பிய இடத்தில் உண்பது மனிதனுக்கு இயல்பாய் வாய்த்த உரிமை என்றே நாம் எண்ணுகிறோம். மலையகத்தின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப் எழுந்தது. துரைமார் கூடி உண்டு களிப்பதற்கான இடம் அது. நாடு விடுதலை பெற்று ஆண்டுகள் பல சென்ற பின்னரே இந்நாட்டவர்க்கு அதன் கதவு திறந்தது. அதே 1876இல்தான் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிற்று. ஒரு பிடி அரிசியைத் தேடி மக்கள் கடல் கடந்தனர். கிளப்பின் விருந்துக்கும் கிராமத்தின் பட்டினிக்கும் இடையே ஓடியது கங்காணியின் பாதை.

வந்தவர்களுக்கு அரிசி கிடைத்தது. ஆனால் அது கடனாகக் கிடைத்தது. தோட்டம் அரிசியை முன்னதாக அளந்து கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொண்டது. கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்னும் சீட்டில் ஏறியது. அந்தக் கடனை ஏற்க வேறொரு தோட்டம் முன்வந்தாலன்றித் தொழிலாளி இடம் பெயர முடியாது. இம்முறை 1921இல்தான் ஒழிந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த குறைந்தபட்சக் கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். தோட்டம் அரிசி வழங்கும் வழக்கமோ அதன் பின்னும் தொடர்ந்தது. உலையை ஏற்றுபவன் தொழிலாளி. உலைக்குரிய அரிசியை அளப்பவன் முதலாளி. அளக்கும் கையே ஆளும் கையாயிற்று.

இந்நிலையில்தான் அட்டன் கடைவீதியின் பொருளை நாம் உணர வேண்டும். சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிறன்று, தேத்தண்ணீர்க் கடையில் அமர்ந்து, கையிலுள்ள காசுக்குத் தனக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கி உண்டவன், அந்த ஒரு நாழிகையேனும் யாருடைய பேரேட்டிலும் பதிவாகாத மனிதனாய் இருந்தான். பக்கத்துத் தோட்டத்தானோடு பேசவும் முடிந்தது. எனினும் இது பாதிச் சுதந்திரமே. கடையில் அமர்ந்தவர் பெரும்பாலும் ஆண்கள். ஆறு நாள் கொழுந்தெடுத்த பெண், ஏழாம் நாள் பீலியில் துணி துவைத்து, லயத்து அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஞாயிறு ஏது?

உணவு பிறர் கையில் இருப்பதன் கொடுமையை 1974 காட்டியது. உலகச் சந்தையில் விலைகள் ஏறின. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. கிராமத்தானுக்கு ஒரு துண்டு வயலேனும் இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்த தோட்டத் தமிழனுக்கு மண் இல்லை. தோட்டக் கூலியும் பங்கீடுமே அவன் களஞ்சியம். தோட்டங்களில் மரண விகிதம் உயர்ந்தது. மக்கள் தோட்டங்களை விட்டு நகரத் தெருக்களில் கையேந்தினர். 1972க்கும் 1975க்கும் இடையே தோட்டங்கள் அரசுடைமையாயின. உடைமை கைமாறிற்று, அடுப்பின் நிலை மாறவில்லை.

குடியுரிமை பிற்காலச் சட்டங்களால் மீண்டது. இன்று மலையக இளைஞன் நகரத்திற்கு வருவதை யாரும் துண்டுச் சீட்டால் தடுப்பதில்லை. ஆனால் ஊரார் உண்ணும் ஞாயிறு அவனுக்கு அதிக வேலை நாள். தாத்தா கொழுந்தால் உலகின் கோப்பைகளை நிறைத்தார். பேரன் நகரத்தின் தட்டுகளை நிறைக்கிறான்.

ஒரு சமுதாயத்தின் விடுதலையை அளக்க அரசியல் சட்டப் புத்தகம் மட்டும் போதாது. கொழுந்தெடுக்கும் பெண் தன் கூலியில், தன் விருப்பப்படி, குழந்தைகளோடு கடையில் அமர்ந்து உண்ண முடிகிறதா என்றும் கேட்க வேண்டும். அதற்கு வாழத் தகுந்த கூலியும், காலடியில் சொந்த மண்ணும், உண்மையான ஓய்வு நாளும் வேண்டும். இவை சலுகைகள் அல்ல; நூற்றைம்பது ஆண்டுக் கணக்கில் அவளுக்கு வரவேண்டிய பாக்கி.