பற்றரி இறங்கின பிறகு

போன வருசம் செமஸ்டர் தொடங்கி மூன்றாம் கிழமை. எங்கட பச்சில் படிக்கிற தோழி ஒருத்தியின் மின் சக்கர நாற்காலி, நூலகத்துக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் நடுவில நின்றுபோச்சுது. முதல்நாள் இரவு முழுக்கச் சார்ஜில் கிடந்த நாற்காலி. காலையில் ஜோய்ஸ்டிக்கில் எல்லா லைற்றும் பச்சை. சின்ன ஏற்றம் ஒன்று வந்ததும் ஒரேயடியாகச் சிவப்பு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கப் பார்த்தம். "தூக்காதேங்கோ, சில்லுக்குப் பக்கத்தில இருக்கிற லீவரைத் திருப்புங்கோ" என்று அவள்தான் சொன்னாள். மோட்டரை விடுவித்தால்தான் அந்த நாற்காலி உருளும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதைக் கண்டாலும் அதற்கு முன்கதை தேடுறது. இதற்கும் தேடினம்.

பாடப்புத்தகப் பாணியில் எழுதினால் கதை இப்படிப் போகும். 1859 இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே, மறுபடி மறுபடி சார்ஜ் பண்ணக்கூடிய ஈய அமில பற்றரியைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், பெனிசிலின் வந்துவிட்டதால் முன்னைய போர்களைவிட அதிகமாக உயிர் தப்பினார்கள். கைகளும் இயங்காத அந்தப் படையினருக்காக, கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஜோர்ஜ் கிளைன் என்ற பொறியியலாளர் மின் நாற்காலியை உருவாக்கினார். 1956 இல் அமெரிக்காவின் எவரெஸ்ட் அன்ட் ஜெனிங்ஸ் கம்பனி அப்படிப்பட்ட நாற்காலிகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. முற்றுப்புள்ளி. இந்தக் கதையில் வாற ஆக்கள் எல்லாரும் கண்டுபிடிப்பாளர். பழுது திருத்துறவர் ஒருத்தரும் இல்லை.

எங்களுக்கு அப்போது தேவைப்பட்டதோ திருத்துறவர்தான். நாற்காலியைத் தந்த அமைப்புக்கு எழுதினோம், பதில் இல்லை. சைக்கிள் கடைக்காரர் கை வைக்கமாட்டன் என்றார். கொழும்பில் ஒரு கடை, நாற்காலியைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றது. ஓடாத நாற்காலியில் இருக்கிற ஒருத்தி அதை எப்படிக் கொழும்புக்குக் கொண்டுபோறது என்று அவர்கள் யோசித்த மாதிரித் தெரியேல்லை. கடைசியில் ஓட்டோ பற்றரி விற்கிற அண்ணை ஒருத்தர் மல்ரிமீற்றரோட வந்தார்.

இருக்கைக்குக் கீழே 12 வோல்ட் பற்றரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். சும்மா நிற்கும்போது அளந்தால் இரண்டும் 12.7, அதாவது நிறைந்த பற்றரி காட்டுகிற அளவு. "இதை நம்பக்கூடாது" என்று சொல்லி, நாற்காலியை ஏற்றத்தில் ஓடவிட்டபடி அளந்தார். ஒன்று 12க்குக் கிட்ட நின்றது. மற்றது 10க்கும் கீழே விழுந்தது. சார்ஜர் நல்லது, வயர் நல்லது, முனையில் பச்சைப் பூப்பும் இல்லை. ஒரு பற்றரி செத்தால் அது நல்லதையும் சேர்த்து இழுத்து விழுத்தும். அதனால் இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்றவேணும். கார் பற்றரி மலிவு, போடலாமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். காரை ஸ்ராட் பண்ணுகிற பற்றரியின் தகடுகள் மெல்லியவை. ஒரு கணம் பெரிய மின்னோட்டம் கொடுக்கத்தான் அவை. நாளெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாக இறங்குகிற வேலைக்குத் தடித்த தகடு வேணும்.

அது செத்த காரணத்தையும் அவரே சொன்னார். வெளிநாட்டில் யாரோ பாவித்து, நன்கொடையாக வந்து, களஞ்சியத்தில் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த நாற்காலி அது. இறங்கின நிலையில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேற் இறுகிப் படியும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டும் முழுசாகக் கரையாது. அவளுடைய கைக்கு வரும்போதே அதன் ஆயுள் பாதி முடிந்திருந்தது.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு எட் ரொபர்ட்ஸின் கதை பிடிபட்டது. 14 வயதில் போலியோ வந்தவர். 1962 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தார். அவருடைய இரும்பு நுரையீரல் எந்த விடுதி அறைக்கும் பொருந்தாததால் வளாக மருத்துவமனையான கவல்லில் தங்கவைத்தார்கள். முதலில் வேறு ஆக்கள் தள்ளுகிற நாற்காலிதான். மின் நாற்காலியை ஓட்டக் கையில் பலம் போதாது என்று சொல்லியிருந்தார்கள். பிறகு அவருக்குக் காதல் வந்தது. சந்திக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் உதவியாளர் பின்னால் நிற்பது சரிவரேல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தபோது, தள்ள முடியாத கை இழுக்க முடிந்தது. நாற்காலி ஓடியது. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஊர்வலங்களைவிட எங்களுக்கு நெருக்கமாகப் பட்டது இந்தக் காதல் கதைதான், மறைப்பானேன்.

கவல்லில் சேர்ந்த மாணவர்கள் தங்களை 'ரோலிங் குவாட்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். அன்றைய மின் நாற்காலி மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கும் வீட்டுக்குள்ளேயும் ஓடச் செய்தது. இவர்கள் அதைப் பேர்க்லியின் மேட்டுத் தெருக்களில் ஓட்டினார்கள். பட்டி வழுக்கியது, மோட்டர் சூடாகியது, பற்றரி இறங்கியது. 1970 இல் அவர்கள் தங்களுக்காகத் தொடங்கின மாணவர் திட்டத்தில், உதவியாளர் தேடித் தருகிற வேலையோடு சக்கர நாற்காலி திருத்துகிற வேலையும் இருந்தது. 1972 இல் நகரத்தில் சுயாதீன வாழ்வு மையம் திறந்தபோதும் திருத்தகம் கூடவே போனது. உரிமை இயக்கத்தின் வரலாற்றை எழுதுறவர்கள் மறியலையும் சட்டத்தையும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், திருத்தகத்துக்கு ஒரு வரி. எங்களுக்கு அது அநியாயமாகப் படுகிறது. நடுத்தெருவில் நின்றுபோன நாற்காலியில் இருக்கிறவருக்கு மறியலுக்குப் போகவே வழியில்லை.

இது பழங்கதையும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், மின் நாற்காலிக்கான உதிரிப்பாகத்தையும் கையேட்டையும் மென்பொருளையும் உரிமையாளருக்கும் வெளித் திருத்துநருக்கும் கம்பனிகள் தரவேணும் என்று சட்டம் போட்டது 2022 இல்தான்.

எங்கட பக்கத்துக்கு வந்தால், பற்றரிக்கு இங்கே வேறொரு வரலாறு இருக்கு. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதித்து, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட கதையை எங்கட அம்மா அப்பா சலிக்காமல் சொல்லுவினம். நாங்கள் ஒருநாள் இருந்து கணக்குப் பார்த்தம். சைக்கிள் டைனமோ தருவது ஏறத்தாழ 3 வாற். தோழியின் நாற்காலிப் பற்றரிகள் 24 வோல்ட், 35 அம்பியர் மணி, அதாவது 840 வாற் மணி. ஒரு வீணும் இல்லை என்று வைத்தாலும் 280 மணித்தியாலம் மிதிக்கவேணும். றேடியோவுக்குப் போதுமாயிருந்த அந்தக் கெட்டித்தனம் ஒரு நாற்காலியை வாசல் தாண்ட வைக்காது. காயப்பட்டவர்கள் அவ்வளவு பேர் இருந்த ஊர் அது. கெட்டித்தனத்தைச் சொல்லிச் சிரிக்கிற கதைகளில் அவர்கள் வாறதில்லை.

புதுப் பற்றரி இரண்டுக்கும் பச்சுக்குள்ளே காசு சேர்த்தம். பழைய இரண்டையும் அண்ணை எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழித்தார். இப்ப அவள் ஒரு மல்ரிமீற்றரை பையில் வைத்திருக்கிறாள். எவ்வளவு களைப்பென்றாலும் இரவில் சார்ஜ் போடாமல் படுக்கிறதில்லை. கிழமைக்கு ஒருக்கா ஏற்றத்தில் ஓடவிட்டு அளந்து, ஐரோப்பிய வரலாற்றுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறாள். மீற்றரைப் பிடிக்கிறது எங்கட முறை. நேற்று ஒன்று 12.3, மற்றதும் 12.3.