தங்கவயலில் மருத்துவச் செலவு: கம்பெனி ஆஸ்பத்திரி முதல் காப்பீட்டு அட்டை வரை

தங்கவயலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பொன்னைப் பற்றியே பெரிதும் எழுதுவர். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டளவில் இங்குத் தொழில் தொடங்கியதும், 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்ததும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே சென்றதும் நம் சிறுவரும் அறிந்த செய்திகள். ஆனால் அப்பொன்னை வெட்டி எடுத்தவன் நோயுற்றபொழுது செலவை ஏற்றவர் யார் என்பதை எழுதியோர் சிலரே. அதனை ஈண்டு ஆராய்வோம். அட்டை கையில் இருந்தும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த குடும்பம் ஏன் கடன்படுகிறது என்று நம் காலனியில் பலரும் கேட்கும் கேள்விக்கு விடை அவ்வரலாற்றினுள்ளேயே கிடக்கின்றது.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் முன்னோர் லைன் வீடுகளில் குடியேறியபொழுது, காப்பீடு என்னும் சொல்லையே அவர்கள் கேட்டறியார். சாம்பியன் ரீஃபில் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. சுரங்கத்தில் அடிபட்டவனும், காய்ச்சல் கண்டவனும், பேறுகாலப் பெண்டிரும் அங்கேயே சென்றனர். சந்தா கட்டவில்லை, பில் என்று ஒரு தாளும் வரவில்லை. இதனை முற்றும் அறச்செயல் என்று எண்ணிவிடலாகாது. ஆழத்தில் இறங்கும் ஆள் படுத்துவிட்டால் தாது மேலே வாராது என்பதை வெள்ளைக்காரத் துரைமார் நன்கு அறிவர். நோக்கம் எதுவாயினும், செலவு தொழிலாளியின் மடியிலிருந்து போகவில்லை என்பதே நமக்கு வேண்டிய செய்தி. 1956-இல் மைசூர் அரசாங்கமும், 1962-இல் மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை ஏற்றன; 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் தோன்றிற்று. முதலாளி மாறினார், ஆஸ்பத்திரி நின்றது.

ஒரு நோயைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற வேண்டும். பாறையைத் துளைக்கும்பொழுது எழும் மணல்தூசி நுரையீரலில் படிந்து தடிப்பதால் வரும் சிலிகோசிஸ் என்பதே அது. இந்தியாவில் இந்நோய் முதன்முதல் அறிவிக்கப்பட்டது 1947-இல் கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்துதான் என மருத்துவ நூல்கள் கூறும். நம் ஊருக்குக் கிடைத்த புகழ்களில் இதுவும் ஒன்று! இந்நோய்க்கு முழுத் தீர்வில்லை. தூசியை விட்டு விலகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அது முற்றக்கூடும். நோயாளி ஓரிரு நாள் படுக்கையில் கிடந்து குணமாகி எழுபவன் அல்லன். மாதந்தோறும் மருந்தும், மூச்சு முட்டும்பொழுது பிராணவாயுவும் வேண்டுபவன். இதனை வாசகர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டும்.

இனி, காப்பீட்டின் பிறப்பைக் காண்போம். 1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொணர்ந்தார். 1911-இல் பிரிட்டன் அதனைப் பின்பற்றியது. நம் நாட்டில் பேராசிரியர் அதார்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் வழியே 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ., பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் அது நடைமுறைக்கு வந்தது. இதனைச் சீட்டோடு ஒப்பிட்டு மயங்குவோர் உளர். சீட்டில் நாம் கட்டிய பணம் நமக்கே திரும்பும். காப்பீட்டிலோ நலமாய் இருப்பவன் கட்டியது நோயுற்றவனுக்குச் செல்லும். ஒன்றும் திரும்பி வரவில்லையே என்று வருந்துவோர், தாம் நோயுறவில்லையே என்றன்றோ மகிழ வேண்டும்!

அச்சட்டம் தங்கவயலின் தலைவாயிலில் நின்றுவிட்டது. ‘தொழிற்சாலை’ என்பதற்கு அச்சட்டம் கூறிய இலக்கணத்தில் சுரங்கமும் இரயில்வே எஞ்சின் கொட்டகையும் சேரா என்று ஒரே வாக்கியத்தில் விலக்கி வைத்திருந்தனர். சுரங்கத் தொழிலாளியும் இரயில்வேக்காரராகிய நாமும் இவ்வகையில் உறவினர். நமக்கு இரயில்வே ஆஸ்பத்திரி இருந்தது. அவர்க்குக் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. ஆதலின் அன்று எவரும் குறையாக எண்ணவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று என்றே அன்று எல்லோரும் பேசினர். வேலையோடு மருத்துவமும் போயிற்று என்பது வீட்டில் ஒருவர் படுத்தபொழுதுதான் விளங்கிற்று. பூட்டிக் கிடந்த அவ்வாஸ்பத்திரியை 2021-இல், கொரோனா நோயின் இரண்டாம் அலையின்போது, ஊர்மக்களே முன்வந்து துப்புரவு செய்து சிகிச்சை மையமாகத் திறக்கும்படி நேர்ந்தது.

சுரங்கத் தொழிலாளியின் மகன் இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூருக்குச் செல்கின்றான். அங்கே தொழிற்சாலையில் சேர்ந்தால், தந்தைக்கு எட்டாத இ.எஸ்.ஐ. மகனுக்குக் கிட்டுகிறது. 2019 ஜூலை முதல் சம்பளத்தில் 0.75 விழுக்காடு அவனும், 3.25 விழுக்காடு முதலாளியும் கட்டுவர். படுக்கை மட்டுமன்றி வெளிநோயாளி மருத்துவமும் மருந்தும் இதில் அடங்கும். நோயால் வேலைக்குப் போகாத நாளுக்கு 70 விழுக்காடு ஊதியமும், ஆண்டுக்கு 91 நாள் வரை, உண்டு. கம்பெனி ஆஸ்பத்திரிக்கு நெருங்கி வரும் ஏற்பாடு இஃதொன்றே என்பது நம் கருத்து. எனினும் 2017-இல் வகுத்த 21,000 ரூபாய் வரம்பைச் சம்பளம் தாண்டினால் இது நின்றுவிடும். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்வோர் பெரும்பாலோர்க்கு இது கிட்டுவதே இல்லை.

அவர்களுக்காகவே அரசாங்கத் திட்டங்கள் வந்தன. 2003-இல் கூட்டுறவுச் சங்க உழவர்களுக்கு யசஸ்வினி வந்தது. 2010-இல் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ வந்தது. அது முதலில் வட கருநாடகத்திலும் பின்னரே தெற்கிலும் பரவிற்று. இதனால் ஆய்வாளர்க்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. எல்லைக்கோட்டின் ஒரு பக்கத்துச் சிற்றூர்களில் திட்டம் உண்டு, மறுபக்கத்தில் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், திட்டத்துக்குரிய பெருநோய்களால் ஏற்பட்ட சாவு, திட்டமில்லாத ஊர்களின் ஏழைக் குடும்பங்களில் 0.90 விழுக்காடாகவும், திட்டமுள்ள ஊர்களில் 0.32 விழுக்காடாகவும் இருக்கக் கண்டனர். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தோரின் கைச்செலவும் 64 விழுக்காடு குறைந்திருந்தது. காப்பீடு வீண் என்பார்க்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டா.

ஆனால் 2008-இல் வந்த ராஷ்டிரிய சுவாஸ்திய பீமா யோஜனாவை ஆராய்ந்தோர் பலர் அத்தகைய பயனைக் காணவில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்பதே அதன் வரம்பு; வெளிநோயாளி மருந்துக்கு அதில் இடமில்லை. இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் முழுத் தொகையையும் ஆஸ்பத்திரிக்கு நேரே செலுத்தும் திட்டம் குடும்பத்தைக் காத்தது. சிறு வரம்புடைய திட்டமோ, செலவு வரும் வாசல்களில் ஒன்றையே அடைத்தது.

இன்று நம்மிடமுள்ள ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கருநாடகா 2018-இல் அமைந்தது. வறுமைக்கோட்டு ரேஷன் அட்டையுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஏனையோர்க்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தில் 30 விழுக்காடு மட்டும், அதுவும் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை. நிர்ணயித்த கட்டணம் ஒரு லட்சம் என்று கொண்டால் 30,000 அரசு தரும். 70,000 நம் பொறுப்பு. ‘அட்டை இருக்கிறதே’ என்று சென்றவர் திகைப்பது இவ்விடத்தில். அவசர நிலை நீங்கலாக, பெரிய சிகிச்சைக்கு முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குச் சென்று பரிந்துரைச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் விதியை அறியாமல், நேரே தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து முழுத் தொகையும் கட்டியோர் நம் காலனியிலேயே உளர்.

நாட்டின் மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து நேரே கொடுத்த பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடு, 2021-22-இல் 39.4 விழுக்காடு. குறைந்தது மகிழ்ச்சியே. மிஞ்சியதில் பெரும்பகுதி படுக்கைக்கு வெளியே ஆகும் செலவு: சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் உண்ணும் மாத்திரை, பரிசோதனை, வண்டிச் சத்தம், துணைக்கு இருப்பவர் இழக்கும் கூலி. முன்னர்க் கூறிய சிலிகோசிஸ் நோயாளியை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். அவருக்கு வேண்டியது மாத மருந்து. அட்டை தருவது ஆஸ்பத்திரிப் படுக்கை.

தனியார் காப்பீடு எடுத்தோர்க்கும் ஒரு சொல். 1986-இல் மெடிகிளெய்ம் வந்தது. இன்று பத்திரத்தின் சிற்றெழுத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: முன்பே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம், அறை வாடகை வரம்பு. காத்திருக்கும் காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என 2024-இல் விதித்துள்ளனர். வரம்பை மீறிய அறையை எடுத்தால், பல பத்திரங்களில் வாடகை வித்தியாசம் மட்டுமன்றி, மருத்துவர் கட்டணம் முதலியவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவர். அறையைத் தேர்ந்தெடுக்குமுன் பத்திரத்தைப் பாருங்கள்.

ரேஷன் அட்டையும் ஆதாரும் கொண்டுவருவோர்க்கு, அவர்தம் குடும்பம் எத்திட்டத்தில் சேரும், 30 விழுக்காட்டிலா முழுமையிலா என்பதைப் பார்த்துக் கூற, நம் சங்கத்து இளைஞர் சிலர் விழா நாளன்று மாலை வாசலருகே மேசை போட்டு அமர்ந்திருப்பர். முதியோர் வீட்டிலேயே இருப்பின், பிள்ளைகள் அவர்தம் தாள்களைக் கொண்டுவந்தாலும் போதும்.